உம்மாவுக்கு ஆதாரம்

ஜமீன் அரண்மனையில் பிள்ளை வளர்க்கும் தாதி மாடத்தி. கைக்குழந்தையான சின்ன ஜமீனிடம் அவள் "உம்மா குடு" என்று கொஞ்சியது ஆஸ்தான வித்வான் அட்சயலிங்கத்தின் காதில் விழுந்துவிட்டது. மனுஷர் கொதித்துப்போனார்.

"முத்தத்துக்கு என் நிகண்டில் பதினொரு சொல் இருக்க, இதென்ன கொச்சை? இது எந்த நூலில் இருக்கிறது? நாளைச் சபையில் காட்டு. இல்லையென்றால் அரண்மனையை விட்டுப் போ!"

அனா ஆவன்னாகூடத் தெரியாதவள் நூலுக்கு எங்கே போவாள்? மறுநாள் மாடத்தி குழந்தையோடு சபைக்கு வந்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது சாமி. உங்க பதினொண்ணுல ஒண்ணைச் சொல்லி நீங்களே ஒரு முத்தம் வாங்கிக் காட்டுங்க. இப்பமே போயிருதேன்" என்று குழந்தையை வித்வான் மடியில் உட்கார்த்தினாள்.

"சும்பனம் அருள்க!" என்று கர்ஜித்தார் வித்வான். பிள்ளை வீரிட்டது.

"முத்தம் ஈந்தருள்க!" அலறல் கூரையைப் பிய்த்தது. ஜமீன்தார் முகம் சிவக்க எழுந்துவிட்டார். வித்வானுக்கு வேர்த்துக் கொட்டியது.

"என் ராசால்ல... உம்மா குடு!" என்று கெஞ்சினார் வித்வான்.

அழுகை சட்டென்று நின்றது. பிள்ளை எச்சில் வாயை அவர் கன்னத்தில் அப்பியது.

மாடத்தி கைகட்டிக் கேட்டாள்: "சாமி, இதை எந்த நூல்ல படிச்சிய?"