மேட்டில் நின்ற கார்

கோத்தகிரியில் கார் பட்டறை வைத்திருக்கும் எஸ்தருக்கு ஒரே ஒரு சீடர். அந்தச் சீடர் குருவைவிட மிகவும் மூத்தவர். பெயர் மாசிலாமணி. ரொம்ப காலம் லாரி ஓட்டியவர். கண்பார்வை மங்கியதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, "இனி ஓட்ட முடியாது, உள்ளே என்ன இருக்குன்னாவது தெரிஞ்சுக்கறேன்" என்று வந்து சேர்ந்தார். அவர் அவளை 'மாஸ்டர்' என்பார். அவள் அவரை 'அண்ணே' என்பாள். அதில் இருவருக்கும் கூச்சம் கிடையாது.

அன்று காலை மாசிலாமணியின் கை ஸ்பேனரில் இருந்தது. கண் செல்போனில் இருந்தது.

"சுடர் இன்னும் எடுக்கலையா அண்ணே?" என்று எஸ்தர் கேட்டாள்.

"எடுக்கலை மாஸ்டர்."

சுடர்க்கொடி அவருடைய ஒரே மகள். தாயில்லாத பெண். கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போயிருந்தாள். எழுந்தாயா என்று அவளுக்கு ஒரு போன். சாப்பிட்டாயா என்று ஒரு போன். குடை எடுத்தாயா, கதவைத் தாழ்ப்பாள் போட்டாயா என்று தனித்தனியாகப் போன். போன வாரம் அவள் எடுக்காமல் போகவே, வார்டு போன் நம்பரை எப்படியோ தேடிப் பிடித்து, தலைமை நர்ஸிடமே கேட்டுவிட்டார்: "எங்க பாப்பா சாப்பிட்டுச்சாங்க?"

அன்றிலிருந்து சுடர் பேசுவதில்லை. 'நல்லா இருக்கேன்' என்று ஒரு வரி மட்டும் எழுதி அனுப்புவாள்.

"நான் என்ன குறை வெச்சேன் மாஸ்டர்?" என்றார் மாசிலாமணி. "ஒரு குறையும் வைக்கலையே. ஏன் இந்தப் பிள்ளை இப்படிப் பண்ணுது?"

வாசலில் ஒரு பழைய கார் இருமிக்கொண்டே வந்து நின்றது. பின்னால் நீலப் புகை.

"முதல்ல இதைப் பாருங்க அண்ணே," என்றாள்.

காரிலிருந்து இறங்கியவர் போஜன். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இறங்கியதும் பானட்டை மெல்லத் தட்டிக் கொடுத்தார், காய்ச்சல் குழந்தையைத் தட்டுவதைப் போல.

"சளி பிடிச்சிருக்கு போல, மாசிலாமணி. மேடு ஏற மாட்டேங்குது."

மாசிலாமணி ஏர் ஃபில்டரைக் கழற்றினார். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயைப் பிரித்து உள்ளே விரலை விட்டார். விரல் கருப்பாக, வழவழவென்று வெளியே வந்தது.

"காத்து போற குழாயில எண்ணெய் நிக்குதுங்க," என்றார். "ஆயில் குறையுதுங்களா?"

"வாராவாரம் குறையுது. ஞாயித்துக்கிழமை காலையில அளவுக் கம்பியை எடுத்துப் பார்ப்பேன். கீழ்க்கோட்டைக்கூட எட்டாது. உடனே ஊத்திருவேன். ஒரு வாரம் தவறினதில்லை."

மாசிலாமணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புகை, குழாயில் எண்ணெய், வாராவாரம் குறையும் ஆயில்.

"பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சுங்க, அதான் ஆயில் மேலே ஏறி எரியுது. எஞ்சினைப் பிரிக்கணும்."

போஜன் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். "பிரிச்சா பழையபடி ஆகுமா?"

எஸ்தர் ஒரு துணியை மாசிலாமணியிடம் நீட்டினாள். "கையைத் துடைங்க அண்ணே. எஞ்சின்ல இப்ப ஆயில் எவ்வளவு இருக்கு?"

"குறையுதுன்னு அவரே சொல்றாரே மாஸ்டர்."

"அவர் சொன்னார். நீங்க பாத்தீங்களா?"

மாசிலாமணி பார்க்கவில்லை. அளவுக் கம்பியை உருவினார். துடைத்தார். மறுபடி உள்ளே விட்டு எடுத்தார். கம்பியில் இரண்டு கோடுகள் உண்டு. எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். இங்கே மேல்கோடும் முழுகி, அதற்கும் மேலே ஈரம் ஏறியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். ஈரம் அங்கேயேதான் இருந்தது.

"குறையற வண்டியில இவ்வளவு எண்ணெய் எப்படி மாஸ்டர்?"

"எனக்கும் தெரியலை. ரிங்கைப் பாத்துட்டு வாங்க."

சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று காட்டும் கம்ப்ரஷன் மீட்டரை மாட்டிப் பார்த்தார். ஒவ்வொரு சிலிண்டரும் நன்றாகவே இருந்தது. எஞ்சின் மூச்சுவிடும் சின்னக் குழாயைக் கழற்றி ஊதினார். அடைப்பு இல்லை.

"ரிங் நல்லா இருக்கு," என்றாள் எஸ்தர். "அளவுக்கு மேல எண்ணெய் இருந்தா எஞ்சின் என்ன பண்ணும் அண்ணே?"

மாசிலாமணி யோசித்தார். "உள்ளே போட்டுக் கடையும். நுரைச்சு வரும். மூச்சுக்குழாய் வழியா வெளியே தள்ளும்."

"தள்ளினது எங்கே போகும்?"

"காத்து வர்ற வழிக்கு."

"அப்புறம்?"

"மூச்சு முட்டும்."

போஜன் டயரிலிருந்து எழுந்தார். "அம்மா எஸ்தர், நான் அளவு பாக்காம ஊத்தறவன் இல்லை. எனக்குக் கண்ணும் நல்லாத் தெரியும். மாசிலாமணி கண்ணு மாதிரி இல்லை."

"அதை ஏனுங்க இழுக்கறீங்க?" என்றார் மாசிலாமணி. ஆனால் அவருக்குக் கோபம் வரவில்லை. பொய் சொல்கிற முகமே இல்லை அது.

அதிகப்படி எண்ணெயை இறக்கி, அளவைச் சரியாக வைத்தார்கள். குழாய்களை உள்ளும் புறமும் துடைத்து, புது ஃபில்டர் போட்டார்கள். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் புகைந்தது. பிறகு எஞ்சின் சீராக ஓடியது.

"ஐயா, உங்க வீடு வரைக்கும் நாங்களும் வர்றோம்," என்றாள் எஸ்தர்.

போஜனின் ஊர் தேயிலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருந்தது. கார் மூச்சு வாங்காமல் மேடு ஏறியது. போஜனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டெதிரே சரிவான பாதையில், முகம் மேலே பார்க்கிற மாதிரி காரை நிறுத்திவிட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார்.

"எப்பவும் இங்கேதான் நிறுத்துவீங்களா?"

"வேற எங்கேம்மா நிறுத்த? எங்க ஊர்ல சமதரைன்னு இருக்கறது கோயில் மைதானம் ஒண்ணுதான்."

அவர் மனைவி மாதி டீ கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்ததும் எஸ்தர், "ஐயா, இப்ப ஒரு தரம் அளவு பாருங்க," என்றாள்.

போஜன் கம்பியை உருவினார், துடைத்தார், விட்டு எடுத்தார். முகம் சுருங்கிப்போனது.

"பாத்தீங்களா! இப்பத்தானே சரி பண்ணினீங்க? அதுக்குள்ள குறைஞ்சிருச்சே!"

மாசிலாமணி எட்டிப் பார்த்தார். உண்மைதான். கீழ்க்கோட்டைத் தொடவில்லை. அவர் நிமிர்வதற்குள் போஜனின் கை, கதவோரம் இருந்த எண்ணெய் டப்பாவை எடுத்துவிட்டது. மூடியும் பாதி திறந்துவிட்டது.

"ஊத்தாதீங்க," என்றாள் எஸ்தர். "மைதானத்துக்குப் போவோம்."

கோயில் மைதானத்தில் காரை நிறுத்தினார்கள். எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். போஜன் கம்பியை எடுத்தார்.

எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது.

அவர் கம்பியைப் பார்த்தார். தலையைத் தூக்கி, மேட்டில் தெரிந்த தன் வீட்டைப் பார்த்தார். பிறகு மறுபடியும் கம்பியைப் பார்த்தார்.

"மேட்டுல நிக்கறப்போ எண்ணெயெல்லாம் பின்பக்கம் ஒதுங்கியிருக்கு, முன்னால இருக்கற கம்பிக்கு எட்டலை," என்றார் மெதுவாக. "நான்தான் அதுக்கு மூச்சு முட்ட வெச்சிருக்கேன். ஒரு குறையும் வைக்கக் கூடாதுன்னுதானே அம்மா..."

மாசிலாமணி தரையைப் பார்த்தார்.

எஸ்தர் போஜன் கையிலிருந்த கம்பியை வாங்கித் துடைத்து, அதன் இடத்தில் செருகினாள். "எண்ணெயே பாக்காத வண்டிங்களை எங்கிட்டே கயிறு கட்டித்தான் இழுத்துட்டு வருவாங்க ஐயா. உங்க வண்டி ஓடியே வந்துச்சு. ஞாயித்துக்கிழமை தவறாம பாருங்க. இங்கே கொண்டாந்து பாருங்க."

திரும்பி வர இருவரும் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே நடந்தார்கள்.

"மாஸ்டர்."

"சொல்லுங்க அண்ணே."

"அந்தக் கம்பி பொய் சொல்லலை."

"இல்லை."

"போஜன் கண்ணும் பொய் சொல்லலை."

"இல்லை."

"அவர் மனசும் நல்ல மனசு. அப்புறம் எதுதான் தப்பு?"

"வண்டி எங்கே நின்னுச்சு அண்ணே?"

மாசிலாமணியின் நினைவில் அவருடைய வீடு வந்தது. ஓர் ஆளுக்குச் சமைத்துவிட்டு, ஒரு தட்டை மட்டும் கழுவிக் கவிழ்க்கிற வீடு. அங்கே உட்கார்ந்துகொண்டுதான் அவர் பெரும்பாலும் சுடருக்குப் போன் போடுவார்.

அன்று சாயங்காலம் அவர் போன் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. வேலைக்கு நடுவே கை தானாகச் சட்டைப் பையைத் தேடிப் போகும். போஜனின் கை எண்ணெய் டப்பாவைத் தேடிப் போனதைப் போலவே. பாதி வழியில் அவருக்கு அது நினைவு வரும். கையை எடுத்துத் துணியில் துடைத்துக்கொள்வார். எஸ்தர் அதைப் பார்ப்பாள். அடுத்த ஸ்பேனரை நீட்டுவாள்.

'நல்லா இருக்கேன்' என்ற ஒரு வரி வந்தது. 'சரிம்மா' என்று மட்டும் பதில் அனுப்பினார். அதற்கே அவருக்கு வியர்த்துவிட்டது.

ஒருநாள் காலை, எஸ்தர் ஒரு ஜீப்பின் பானட்டுக்குள் குனிந்திருந்தாள். மாசிலாமணி விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பையில் போன் அடித்தது; எடுத்தார்.

"அப்பா?"

அவர் விளக்கைப் பானட் ஓரத்தில் மாட்டினார்.

"அப்பா, என்னாச்சு? போனையே காணோம்? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லா இருக்கேன் பாப்பா," என்றார். அதற்குமேல் அத்தனையும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்துவிட்டது. சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயா, அங்கே மழையா, பாத்ரூம் தரை வழுக்குதா, அந்தத் தலைமை நர்ஸ் திட்டினாங்களா. அவர் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு எஸ்தர் பக்கம் குனிந்தார்.

"மாஸ்டர், பாப்பா! என்ன பேசட்டும்?"

எஸ்தர் தலையைத் தூக்கவில்லை.

"எதையும் ஊத்தாதீங்க அண்ணே. அளவு மட்டும் பாருங்க."

மாசிலாமணி போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். பிறகு சுடர் பேச ஆரம்பித்தாள்.