ஃப்ரிட்ஜ் ஓரத்தில் ஒரு பேஸ் கிட்டார்

தண்ணீர் லாரி எங்கள் ‘சி’ பிளாக்குக்கு வருவதற்குள் எப்போதும் காலியாகிவிடும். கடவுள் மூளை விநியோகித்த அன்றும் அதே வழியாகத்தான் வந்திருக்கிறார். மற்றபடி எங்கள் பிளாக்கில் எல்லோரும் நல்ல மனிதர்கள்.

அந்த நல்ல மனிதர்களில் மூன்று பேர் ஒரு இசைக்குழு வைத்திருக்கிறார்கள். மேல்மாடி குழந்தைவேலு தபேலா. எதிர்வீட்டு ரங்கபாஷ்யம் கீபோர்டு. என் கணவர் அமலதாஸ் பாட்டு. பாட்டு என்று அவர்தான் சொல்கிறார்.

குடியிருப்பு ஆண்டுவிழா ஒன்றுதான் இவர்களுக்குக் கிடைத்த மேடை. அதற்கும் இந்த வருஷம் ஆபத்து வந்தது. சங்கச் செயலாளர் சந்திரகாந்தா மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “போன வருஷம் உங்க பாட்டுல கனமே இல்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு பேஸ், அதான் அடியில உறுமற சத்தம், ஏற்பாடு பண்ணுங்க. இல்லேன்னா உங்க நேரத்தைச் சிரிப்பு யோகா குரூப்புக்குக் குடுத்துடுவேன்.”

குழந்தைவேலுவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“பாடும்போது என் கை சும்மாத்தானே இருக்கு, நானே வாசிச்சுடறேன்” என்றார் என் கணவர். மூவரும் கடைக்குப் போய், இருப்பதிலேயே மலிவான, குட்டியான ஒரு பேஸ் கிட்டாரோடு திரும்பினார்கள். கூடவே கடைக்காரர் சொன்னதையும் ஜெபம் மாதிரி மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தார்கள்.

“சின்ன இடத்துல வாசிக்கறதுக்குன்னே செஞ்சது. பேஸ் காதுக்கு இல்ல, நெஞ்சுல அதிரணும். வாசிச்சுப் பாத்துட்டுப் புடிக்கலைன்னா திங்கக்கிழமை திருப்பிக் கொண்டாங்க. கீறல் மட்டும் விழக்கூடாது.”

“ஸ்பீக்கர் இல்லாம இது கேக்காதே, எங்க அது?” என்று கேட்டேன்.

“கடைக்காரரும் கேட்டாரு அண்ணி, நாங்கதான் வேணாம்னுட்டோம்” என்றான் குழந்தைவேலு. “ஸ்பீக்கர் இதவிடப் பெருசு. அதையும் வாங்கிட்டா அப்புறம் இது எப்படி சின்ன இடத்துக்கு ஆகும்?”

நான் வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

ஹாலில் ஆலோசனை தொடங்கியது.

“கிட்டாருக்கு ஆறு கம்பி இருக்கணும். இதுல நாலுதான் இருக்கு” என்றார் ரங்கபாஷ்யம்.

“ஏமாத்திட்டானோ?”

“இல்ல அமலதாஸ். சின்ன இடத்துல ஆறு எப்படி அடங்கும்? நீங்க பாடறப்ப ரெண்டு ஸ்வரத்தை விட்டுட்டாச் சரியாப் போச்சு.”

“அதைப் போன வருஷமே விட்டுட்டேனே!” என்றார் என் கணவர் பெருமையோடு.

அடுத்தது கீறல். மூவரும் நகம் வெட்டிக்கொண்டார்கள். அப்படியும் தைரியம் வரவில்லை. கிட்டாரைச் சுற்றியிருந்த குமிழி பிளாஸ்டிக்கைப் பிரிக்காமலே வாசிப்பது என்று முடிவாயிற்று. அதற்கு மேலும் ஒரு பாதுகாப்பாக, கிறிஸ்துமஸ் கேக் தட்டை ஓவனிலிருந்து எடுக்க நான் வைத்திருக்கும் பஞ்சுக் கையுறையை என் கணவர் இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டார்.

வாசித்தார். பிளாஸ்டிக் குமிழி ஒன்று ‘டப்’பென்று உடைந்தது.

“ஆஹா” என்றான் குழந்தைவேலு.

“நெஞ்சுல அதிரலையே” என்றார் ரங்கபாஷ்யம். “இடம் பெருசா இருக்கு. அதான்.”

இந்த ஹாலில் ஒரு சாப்பாட்டு மேஜை போட இடமில்லை என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொல்லி வருகிறேன். “தாராளமா இருக்கேம்மா” என்பார் இவர். அன்றும் அதே தாராளம்தான் அவருக்குத் தடையாக இருந்தது. சின்ன இடம் தேடிப் புறப்பட்டார்கள்.

முதலில் குளியலறை. மூவரும் வாத்தியங்களோடு நுழைந்தார்கள். யாருடைய முழங்கையோ ஷவரைத் திருகிவிட்டது. தபேலாவுக்கு ஜலதோஷம் பிடித்தது.

அடுத்து லிஃப்ட். மேலே போகும் வழியில் ரங்கபாஷ்யம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு “அதிர்ந்துச்சு! அதிர்ந்துச்சு!” என்று கத்தினார்.

“அது ரெண்டாவது மாடி. லிஃப்ட் எப்பவும் அங்க ஒரு குலுக்குக் குலுக்கும்” என்றேன். கீரைக்கட்டோடு நானும் அதில்தான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் என் சமையலறைக்கே வந்தார்கள். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே, நான் முறமும் துடைப்பமும் செருகி வைக்கும் சந்து ஒன்று உண்டு. துடைப்பத்தை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, என் கணவர் கிட்டாரோடு அதற்குள் தன்னைச் செருகிக்கொண்டார். நெஞ்சு ஃப்ரிட்ஜில் அப்பிக்கொண்டது. கையுறை கம்பியைத் தடவியது.

பிறகு உள்ளேயிருந்து நடுங்கும் குரல் வந்தது.

“அதிருதுடா!”

ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பரவசத்தோடு வெளியே வந்தார்கள். குழந்தைவேலு என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். “அண்ணி, மானம் காப்பாத்திட்டீங்க.”

அப்போது பார்த்து கரண்ட் போனது.

“நின்னுடுச்சு!” என்று அலறினார் ரங்கபாஷ்யம். “புதுக் கிட்டார். அதுக்குள்ள செத்துப்போச்சே!”

என் பொறுமை போயிற்று. அது கான்வென்ட்டில் படித்த காலத்திலேயே கொஞ்சம்தான் இருந்தது.

“ஏங்க, அது கிட்டார் இல்ல. ஃப்ரிட்ஜ் மோட்டார். ஃப்ரிட்ஜ்தான் இவ்வளவு நேரம் அதிர்ந்தது. புரியுதா?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கரண்ட் வந்தது. கிட்டாரைத் தூர வைத்துவிட்டு, என் கணவர் ஃப்ரிட்ஜில் மட்டும் நெஞ்சை வைத்துப் பார்த்தார். மெதுவாகத் தலையாட்டினார்.

“இவ சொல்றது சரிதான்.”

கல்யாணமாகி முதல் தடவையாக அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டேன். அந்த மகிழ்ச்சியில் அடுத்து என்ன நடக்கும் என்று யோசிக்கத் தவறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெபமாலை முடித்துக் கீழே போனேன். மேடை நடுவில் என் ஃப்ரிட்ஜ் நின்றது. மல்லிகைச் சரம் சுற்றி, கதவில் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் அதன் முதுகில் ஒரு மைக்கை ஒட்டிவிட்டிருந்தார்.

பல்லவியில் ஃப்ரிட்ஜ் ‘உம்ம்ம்’ என்று நன்றாகவே முழங்கியது. சரணத்தில் உள்ளே போதுமான அளவு குளிர்ந்து, மோட்டார் நின்றுவிட்டது. கூட்டத்தில் சலசலப்பு. முன்வரிசையில் சிரிப்பு யோகாக்காரர்கள் சிரிக்கத் தயாரானார்கள். என் கணவர் பாடிக்கொண்டே நிதானமாக ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தார். உள்ளே விளக்கு எரிந்தது. சூடு ஏறியதும் மோட்டார் மறுபடி முழங்கியது. அதன்பின் ஒவ்வொரு சரணத்துக்கும் அவர் கதவைத் திறக்க, வெளிச்சத்தில் என் இட்லி மாவும் நேற்றைய மீன் குழம்பும் ஜொலிக்க, ஜனங்கள் கைதட்டினார்கள்.

சந்திரகாந்தா மேடம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “இப்பத்தான் கனமா இருக்கு. அடுத்த வருஷமும் மேடை உங்களுக்குத்தான்.”

மறுநாள், ஒரு கீறலும் விழாத குட்டிக் கிட்டாரைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். என் வார்த்தைக்கு இப்போது மதிப்பு கூடிவிட்டதால் என்னையும் அழைத்துப் போனார்கள். கடைக்காரர் பிளாஸ்டிக்கைத் தடவிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு கேட்டார்:

“நல்ல பீஸாச்சே சார். இதுல என்ன குறை?”

என் கணவர் அவர் தோளில் பரிவோடு கை வைத்தார்.

“குறைன்னு சொல்ல முடியாதுங்க. வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, மாவு வைக்க இடமில்ல.”