சவரிமுத்து திருப்பிய அச்சு

சவரிமுத்துவிடம் மணி என்ன என்று கேட்டால், அன்றைக்குச் சூரியனைத் தட்டி எழுப்பியதே தான்தான் என்பதிலிருந்து ஆரம்பிப்பார். குடோனைப் பார்த்துக்கொள்ளும் அப்பேர்ப்பட்ட மனிதரிடம், தூத்துக்குடி ஐஸ் ஆலைக்குப் புது கம்ப்ரஸர் பூட்டக் கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் தமயந்தி ஒரு சின்னக் கேள்வி கேட்டுவிட்டாள்.

"ஏனுங்ண்ணா, எட்டு மாசமா மெஷினு உங்க குடோன்லதான இருந்துச்சு? வாரா வாரம் அச்சைத் திருப்பி வெச்சீங்களா?"

கேட்டதில் தப்பில்லை. கம்ப்ரஸர் சும்மா கிடந்தால் அச்சு ஒரே இடத்தில் அழுத்திப் பேரிங்கில் தடம் விழுந்துவிடும். பூட்டி ஓடவிட்டால் கொஞ்ச நாளில் பேரிங் நொறுங்கும். அதனால் சனிக்கிழமைதோறும் கையால் ஒன்றேகால் சுற்று திருப்பி வைக்கச் சொல்லிச் மெஷின் கம்பெனிக்காரர்கள் சீட்டு எழுதியே கொடுத்திருந்தார்கள். மெஷினை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அதை ஓட்டும் ஆபரேட்டர் வேலை சவரிமுத்துவுக்குத்தான் என்று முதலாளியும் சொல்லியிருந்தார். அந்த ஆசையில் அவர் காக்கிச் சட்டைகூடத் தைத்து வைத்திருந்தார்.

இரண்டு சனிக்கிழமை நிஜமாகவே திருப்பினார். மூன்றாவது சனிக்கிழமை மழை. அதற்கடுத்தது மச்சினன் கல்யாணம். அப்புறம் அச்சென்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. இப்போது அவள் கேட்டதும்தான் நினைவு வந்தது. பயம் வந்தால் சவரிமுத்துவுக்கு வாய் நீளும்.

"நல்லாக் கேட்டிய போங்க! இது வந்து எறங்குன கதை தெரியுமா ஒங்களுக்கு? பாதியில கிரேன் பெல்ட் நழுவிட்டு. ஆறு டன்னு, தலைக்கு நேரா வருது. எடது கையால தாங்கிப் புடிச்சேன்."

கிரேன் ஓட்டும் இசக்கி கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வலது கை என்னாச்சு அண்ணாச்சி?"

"அதுல டீ இருந்துச்சுல்லா."

"அன்னைக்கு எறக்குனவன் நாந்தானே. பெல்ட் ஒண்ணும் நழுவலயே?"

"நீ பயத்துல கண்ணை மூடிட்டடே. ஒனக்கெப்படித் தெரியும்?" என்று அவனை ஒதுக்கிவிட்டுத் தமயந்தி பக்கம் திரும்பினார். "நம்மூரு உப்புக்காத்து இருக்கே, பையில கெடக்க ஆணிகூடத் துருப்புடிச்சிரும். அதான் ஈரத்தை உறிஞ்சுத மருந்துப் பொட்டலம் பத்து வாங்கி மெஷினைச் சுத்திக் கட்டுனேன். குடோன் ஈரத்தை ஒரே மொடக்குல குடிச்சிட்டு, அது தெருவுக்குப் போயிட்டும்மா! பொம்பளைய துணியைக் கொடியில போடுதாவ, கையை எடுக்குமுன்ன காஞ்சிருது. உப்பளத்துல பத்து நாளு வெளையுத உப்பு ஒரே மத்தியானத்துல வெளஞ்சிட்டு. கடலு அரை மைல் உள்ள போனப்பொறவுதான், எதுக்கு வம்புன்னு ரெண்டு பொட்டலத்தை அவுத்தேன்."

"அது இருக்கட்டுங்ண்ணா. அச்சு?"

விடமாட்டாள் போலிருக்கிறதே என்று சவரிமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"அச்சா? மத்தவன்னா ரெண்டு ஆளு நின்னு கம்பி போட்டுத் தள்ளணும். எனக்குச் சுண்டுவிரலு. சனிக்கிழமை தொட்டுவிட்டா அடுத்த வெள்ளி வரைக்கும் நிக்காது. ஞாயித்துக்கிழமை பூசை நேரத்துக்கு மட்டும் புடிச்சு நிறுத்துவேன். அது காத்தை இழுத்த இழுப்புல இலங்கைப் பக்கம் போன போட்டெல்லாம் டீசல் இல்லாமலே கரைக்கு வந்துட்டு!"

இசக்கியால் பொறுக்க முடியவில்லை. "மெஷின் வாயில இரும்புத் தட்டு வச்சு அடச்சில்லா அனுப்பியிருந்தாவ? எங்குட்டுக் கூடி இழுக்கும்?"

"அடச்சதுக்கே அந்த இழுப்புடே. தெறந்து வச்சிருந்தா இலங்கையே வந்திருக்கும்."

இசக்கி தோற்றுப்போய்ச் சிரித்துவிட்டான். தமயந்தியும் சிரித்தாள். தப்பித்தோம் என்று சவரிமுத்துவுக்கு உயிர் வந்தது. காக்கிச் சட்டையோடு மெஷின் பக்கத்தில் நிற்கும் தன்னை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்துக்கொண்டார்.

சிரித்தபடியே தமயந்தி தார்ப்பாயை விலக்கி, அச்சை மூடியிருந்த தகரத்தைக் கழற்றினாள்.

உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குளவிக்கூடு இருந்தது. அச்சில் பாதி, அடிச்சட்டத்தில் பாதியாக, இரண்டையும் சேர்த்து மண்ணால் பூசியிருந்தது. ஒரு கீறல் இல்லை. அச்சு நூலிழை திரும்பியிருந்தாலும் கூடு உடைந்திருக்கும். அதற்குள்ளிருந்து ஒரு குளவி தலையை நீட்டி, யார் தகரத்தை எடுத்தது என்பதுபோல் மூவரையும் பார்த்தது.

"அண்ணாச்சி..." என்று இழுத்தான் இசக்கி.

சவரிமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வாய் அவரைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது?

"இதுவா? வாயில்லாச் சீவன், பாவம். ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட்டை அலுங்காம எடுத்து இந்தக் கையில வச்சுக்கிடுவேன். மத்த கையால ஒன்னேகால் சுத்து. பொறவு எச்சி தொட்டு, இருந்த எடத்துலயே ஒட்டிருவேன். குஞ்சு முழிச்சது கெடையாது, பாத்துக்கிடுங்க."

தமயந்தி இசக்கியைப் பார்த்துக் கையைக் கீழே காட்டினாள். மெஷினில் மாட்டத் தயாராக வைத்திருந்த கொக்கியை அவன் கீழே வைத்தான். மெஷின் மேடைக்குப் போகாது, பேரிங்கைப் பிரித்துப் பார்க்க ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகும் என்று முதலாளிக்குப் போனில் சொன்னாள். ஆபரேட்டராக யாரைப் போடலாம் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அவள் குளவியை ஒரு பார்வை பார்த்தாள்.

"இந்தக் குளவியவே போட்டுக்கலாங்க. எட்டு மாசமா மெஷின் பக்கத்துல இருந்தது அது ஒண்ணுதானுங்க."