வெள்ளிக்கிழமைப் பொரி

"சொன்னால் மனிசி போயிடுவா. சொல்லாட்டி மீன் போயிடும். நான் என்ன செய்யிறது அம்மா?" என்று கேட்டார் நல்லைநாதன்.

அம்மா கேத்தலில் தண்ணீர் வைத்தார்.

அந்த ஊர்த் தமிழருக்கு அம்மா என்றால் மங்களேஸ்வரிதான். கனடாவின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் பனிக்குள் கிடக்கிற சின்ன நகரம் அது. நல்லைநாதனைவிட அவர் வயதில் நன்றாக இளையவர். காவி கிடையாது, மாலை கிடையாது. ஒரு கம்பளித் தொப்பி, அவ்வளவுதான். ஞாயிறு பின்னேரங்களில் அவருடைய கராஜில் சிலர் கூடிச் சும்மா இருப்பார்கள்.

அங்கே கேள்வி கேட்டால் தேத்தண்ணி வரும். பதிலும் வந்தால் அது கேட்டவரின் அதிர்ஷ்டம்.

மற்றவர்கள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போன பிறகும் நல்லைநாதன் எழும்பவில்லை. அன்று அவருக்குப் பதில் வேண்டும்.

அவருடைய பின்வளவில் ஒரு மீன்குளம் இருக்கிறது. மகன் ஆரூரன் வெட்டியது. ஒரு கோடை விடுமுறை முழுவதும் மண்வெட்டியோடு நின்று, அடியில் ரப்பர் விரித்து, கரைக்குக் கல் அடுக்கி, செம்மஞ்சள் மீன்களை வாங்கிவந்து விட்டான். ஒரே பிள்ளை. படிப்பு முடிகிற வருடம், பனிக்காலம், வீட்டுக்கு வருகிற வழியில் கார் வழுக்கியது. அவன் வந்து சேரவில்லை.

அதற்குப் பிறகு அவன் தாய் பவளம் கட்டிலைவிட்டு எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபோது ஐயர் பொதுவாக ஒன்று சொல்லி வைத்தார். பிள்ளையின் பெயரால் ஏதாவது உயிருக்கு உணவு போடுங்கள் என்றார். பவளம் அப்போதுதான் வாய் திறந்தார். "அவன்ர மீனுக்குப் போடுவம்."

கோயில் கேணியில் மீனுக்குப் பொரி போடுவது புண்ணியம். பவளம் அறிந்தது அது. கேணி உறைவதில்லை. இந்தக் குளம் உறையும்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மட்டும் பவளம் எழும்புவார். தலைக்குக் குளித்து, சேலை உடுத்தி, அதற்கு மேல் கோட்டும் பூட்சும் போட்டு, ஒரு கிண்ணத்தில் பொரி எடுத்துக்கொண்டு பின்கதவால் இறங்குவார். நல்லைநாதன் முன்னாலேயே போய் இரும்பு அலவாங்கால் பனிக்கட்டியை இடித்து ஒரு துவாரம் செய்து வைத்திருப்பார். பவளம் பொரியைக் கொட்டுவார். அது ஊறித் தாழும்வரை நிற்பார். பிறகு உள்ளே போய்ப் படுத்துவிடுவார், அடுத்த வெள்ளிவரை.

நல்லைநாதன் அந்த வெள்ளிக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளினார். அன்று ஒருநாளாவது மனைவியின் கால் தரையில் படும்.

ஆனால் மீன்கள் செத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வருடமும் பனி கரைகிறபோது வயிறு மேலே தெரிய மிதந்தன. பவளம் பார்க்க முன்னம் அவர் விடியவே போய் வலை வடியால் அள்ளி, வேலியோரம் புதைத்தார். மீனெல்லாம் கல்லுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது என்று சொல்லி வைத்தார். பவளம் மறுத்துக் கேட்கவில்லை. குளம் நிறைய இருந்ததில் இப்போது மிச்சம் இரண்டோ மூன்றோதான்.

போன மாதம் அவர் வளர்ப்பு மீன் விற்கிற கடைக்குப் போய் விசாரித்தார். கடைக்காரனுக்கு மனம் நோகாமல் பேசத் தெரியவில்லை. குளிரில் மீன் சாப்பிடாது, குடல் வேலை செய்யாது, நீங்கள் போட்டதைத் தின்றால் அது வயிற்றுக்குள்ளேயே அழுகும் என்றான். கட்டியை இரும்பால் இடித்தால் அந்த அதிர்ச்சி அடியில் படுத்திருக்கிற மீனின் உடம்பில் அடிக்கும் என்றான். துவாரம் வேண்டுமென்றால் ஒரு சட்டியில் சுடுதண்ணீர் வைத்து மெல்ல உருக விடுங்கள், மற்றபடி அதுகளைச் சும்மா விடுங்கள் என்றான்.

அலவாங்கை அன்றைக்கே கொண்டுபோய்த் தூர வைத்தார். அது சுலபம். பொரியை எங்கே தூர வைப்பது?

ஒரு வெள்ளி, கடையில் பொரி முடிந்துவிட்டது என்று பொய் சொல்லிப் பார்த்தார். உடுத்த சேலையோடு பவளம் திரும்பிப் போய்ப் படுத்தார். அந்தக் கிழமை தண்ணீரைத் தவிர வாயில் ஒன்றும் வைக்கவில்லை. நல்லைநாதன் ஓடிப்போய்ப் பெரிய பையாகவே வாங்கிவந்தார்.

அடுத்த வெள்ளி, பவளம் உள்ளே போனதும் வடியால் பொரியை அள்ளினார். நிமிர்ந்தால் யன்னலில் பவளம் நிற்கிறார். பிள்ளைக்குப் போட்டதைத் தகப்பன் அள்ளுகிறான். பவளம் யன்னலைவிட்டு விலகிப் போய்ப் படுத்தார். ஏசியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மீன் செத்தது பொரியால்தான் என்று தெரிந்தால் பவளம் இருக்கமாட்டார். பிள்ளையின் கடைசி உயிரைத் தன் கையாலேயே கொன்றேன் என்று போய்விடுவார். தெரியாமல் விட்டால் இந்தப் பனியோடு மிச்ச மீனும் போகும். குளம் வெறுமையானால் வெள்ளிக்கிழமையும் இல்லை.

அம்மா தேத்தண்ணியை நீட்டினார்.

நல்லைநாதன் வாங்கவில்லை. இவ்வளவு காலத்தில் அவர் அம்மாவுக்கு முன்னால் குரல் உயர்த்தியது அன்றுதான்.

"நான் இஞ்ச வந்து வந்து இருந்து என்னத்தைக் கண்டனான்? ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதா? அந்தக் குளம் ஆழமில்லை. ஆழமெண்டால் நானும் அதுக்குள்ள போய்ப் படுத்திருப்பன்."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்ணை, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

அவர் யோசித்தார். நினைவில்லை. முதல்நாள் இரவும் நினைவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"நான் மீனைப் பற்றிக் கேக்கிறன்."

"நானும் அதைத்தான் கேக்கிறன்" என்றார் அம்மா.

பிறகு தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு விளக்கை அணைக்கப் போனார். போய் வாருங்கள் என்பதற்கு அங்கே அதுதான் அர்த்தம்.

வழி முழுக்க நல்லைநாதன் மனதுக்குள் அம்மாவைத் திட்டிக்கொண்டு போனார். பேசாமல் ஒரு டொக்டரிடம் போயிருக்கலாம் என்று நினைத்தார். டொக்டரிடமும் போனவர்தான். டொக்டர் தந்த குளிசையைப் பவளம் விழுங்காமல் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது.

நல்லைநாதன் சுடுதண்ணீர்ச் சட்டியைத் தூக்கினால் கட்டியில் வட்டமாகத் துவாரம் விழுந்திருந்தது. உள்ளே கறுப்புத் தண்ணீர். மீன் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

பக்கக் கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்தார். கூப்பிடாமல் அவர் யார் வீட்டுக்கும் போனதில்லை. நல்லைநாதன் சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. நேரே குளத்தடிக்குப் போய்ப் பனியில் முழங்கால் குத்தி உட்கார்ந்தார்.

பவளம் கிண்ணத்தோடு வந்தார். முன்பின் பழகாத ஒரு பெண் தன் குளத்தடியில் இருப்பதைப் பார்த்தும் கேட்கவில்லை. அவருக்குள் கேட்கிற ஆள் எப்போதோ போய்விட்டார். கிண்ணத்தைச் சரித்தார்.

அம்மா இரண்டு கையையும் சேர்த்துத் துவாரத்துக்கு மேலே ஏந்தினார்.

பவளத்தின் கை அப்படியே நின்றது.

கெட்டது குடி, இனி இந்த வெள்ளியும் இல்லை என்று நல்லைநாதன் நினைத்தார்.

"கையை எடுங்கோ" என்றார் பவளம்.

குரல் கரகரத்தது. பாவித்து எவ்வளவோ காலமான குரல்.

அம்மா எடுக்கவில்லை.

"இது என்ர பிள்ளைக்கு."

"தெரியும்" என்றார் அம்மா. கை அங்கேயே இருந்தது. குளிரில் விரல் நுனி சிவந்துகொண்டு வந்தது. கையுறை போட்டிருக்கலாம், அம்மா வேண்டுமென்றே போடாமல் வந்திருந்தார்.

பவளம் அந்தக் கையைப் பார்த்தார். துவாரத்தைப் பார்த்தார். கோபத்தில் அவர் உதடு துடித்தது. மகனைப் பெட்டியில் கொண்டு வந்த நாளிலும் துடிக்காத உதடு. பிறகு, சரி இந்தா பிடி என்கிற மாதிரி, கிண்ணத்தை அந்தக் கையிலேயே கவிழ்த்தார்.

பொரி கையில் விழுந்தது. கொஞ்சம் பனியில் சிதறியது.

அம்மா சாப்பிட்டார். அவசரப்படாமல், ஒவ்வொரு வாயாக, ஏந்திய கையிலேயே குனிந்து சாப்பிட்டார். பவளம் நின்று பார்த்தார். பொரி தாழும்வரை நிற்பது அவருக்குப் பழக்கம். இது முடியும்வரையும் நின்றார்.

முடிந்ததும் பவளம் உள்ளே போய்விட்டார்.

அம்மா கையைத் தட்டிக்கொண்டு எழும்பினார். முழங்கால் இரண்டும் நனைந்திருந்தது. இனி என்ன அம்மா என்று நல்லைநாதன் பின்னாலேயே போய்க் கேட்டார்.

"அடுத்த வெள்ளி எனக்கு வேலை இருக்கு" என்றார் அம்மா. போய்விட்டார்.

அந்தக் கிழமை பவளம் ஒருமுறை மட்டும் எழும்பி யன்னலடிக்கு வந்து நின்றார். என்னத்தைப் பார்த்தார் என்று தெரியாது. நல்லைநாதன் சட்டியில் சுடுதண்ணீர் கொண்டுபோய்க் கட்டியில் வைத்தார். மறுநாள் துவாரம் மூடிக் கிடந்தது. திரும்ப வைத்தார். திரும்ப மூடியது. இதற்கு ஒரு முடிவே இல்லை என்று அவருக்கு அழுகை வந்தது. அழுதார். பிறகு கேத்தலைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் துவாரத்தடியில் முழங்கால் குத்தி உட்கார்ந்தார்.

வயதான முழங்கால். குளிர் எலும்புக்குள் ஏறியது. பின்கதவு திறந்த சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பனியை மிதித்துக்கொண்டு பூட்ஸ் வந்தது. பச்சைச் சேலைக் கரை கோட்டுக்குக் கீழே தெரிந்தது.

கையுறையைக் கழற்றி, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார்.

கிண்ணம் வரவில்லை.

அவர் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் பவளத்தின் முகம் தெரியும், அதில் ஒன்றும் இல்லாவிட்டால் அதைத் தாங்க அவரால் முடியாது. வேலியோரம் மீன் புதைத்த இடம் பனியில் மேடாகத் தெரிந்தது. தன் கையைப் பார்த்தார். இரும்பும் குளிரும் பிடித்த கை. தோல் வெடித்து, வெடிப்பில் இரத்தம் காய்ந்திருந்தது. பவளம் கையை விலக்கிவிட்டுத் தண்ணீரில் கொட்டினால், அதோடு எல்லாம் முடிந்தது.

பொரி விழுந்தது.

உள்ளங்கையில் விழுந்தது. பாரமே இல்லை.

அவர் குனிந்து ஒரு வாய் அள்ளினார். நமத்துப்போன பொரி. பழைய பை. அதையே இன்னும் ஒரு வாய் அள்ளினார். அப்போதுதான் வயிற்றுக்குள் ஏதோ இழுத்துப் பிடித்தது. பசி. எத்தனையோ நாட்பசி. அவர் அள்ளி அள்ளித் தின்றார், மூச்சு விடாமல், வெட்கமில்லாமல், மூக்கும் கண்ணும் ஒழுக.

கிண்ணம் இன்னொரு முறை சரிந்தது. கை நிறைந்தது.

பூட்ஸ் பனியில் நெரிந்தது. பவளம் அவருக்குப் பக்கத்தில் குந்தினார். கட்டிக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை.

"இஞ்சேருங்கோ" என்றார் பவளம். "உங்களுக்கு ஆர் சமைக்கிறது?"

அவர் வாய் நிறையப் பொரி.