காசு வாங்காத தூண்டில் கடை

முன்னொரு காலத்திலே, நாடு முடிந்த இடத்தில் காடு உடனே தொடங்கிவிடும் காலத்திலே, வேங்கைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் ஒரு வழக்கம். வயது பதினெட்டு ஆகிவிட்டால் ஆணோ பெண்ணோ காட்டுக்குப் போய் மூன்று பகலும் மூன்று இரவும் தனியாகத் தங்க வேண்டும். கட்டுச்சோறு கூடாது. காட்டுக் குளத்தில் தானே மீன் பிடித்து, தானே சுட்டுத் தின்ன வேண்டும். அப்படித் தாங்கித் திரும்பியவர்கள் அரச சபைக்குள் நுழைவதை யாரும் தடுக்க முடியாது. எழுந்து நின்று பேசலாம். பாதியில் ஓடி வந்தவர்கள் ஆயுசுக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

காட்டு வாசலில் ஒரு தூண்டில் கடை இருந்தது. கடைக்காரன் பெயர் உத்தண்டன். மந்திரவாதி. 'இங்கே காசு வாங்கப்படாது' என்று வாசலில் பலகை மாட்டியிருந்தான். முதல்முதலாகக் காட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதைவிடச் சல்லிசாக எங்கே கிடைக்கும்? ஊரே அங்கேதான் தூண்டில் வாங்கியது. ராஜாவும் இளவரசராக இருந்தபோது அங்கேதான் வாங்கினார். வாங்கித் திரும்பியவர்கள் எல்லாரும் மிகவும் நல்ல பிள்ளைகளாகத் திரும்பினார்கள். என்ன சொன்னாலும் கேட்டார்கள். பெற்றவர்களுக்கு அதில் பெருமை வேறு. எனக்கு அந்தப் பெருமையைக் கேட்டாலே எரிகிறது.

அந்த ஊரில் உப்பு விற்பவர் ஒருவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மரகதம், இளையவள் சிலம்பாயி. இரண்டும் சேர்ந்தால் வீடு ரெண்டுபடும். சிலம்பாயி கடலை உருண்டையில் பாதி கேட்பாள். "மாட்டேன் போடி" என்பாள் மரகதம். போர்வையில் கொஞ்சம் கேட்பாள். "மாட்டேன் போடி." அக்காவின் கழுத்தில் கிடக்கும் நீலப் பாசிமணியை ஒரே ஒரு நாள் போட்டுக்கொள்ளக் கேட்பாள். அதற்கும் "மாட்டேன் போடி" தான்.

மரகதத்துக்குப் பதினெட்டு ஆனது. காட்டுக்குப் போனாள், வெள்ளித் தூண்டிலோடு திரும்பி வந்தாள். வந்த அன்று சிலம்பாயி வம்புக்கென்றே, "அந்தப் பாசிமணியைக் குடுக்கா" என்றாள். மரகதம் சரி என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

ஒரு நாள் முழுக்கச் சிலம்பாயி கண்ணாடி முன்னால் நின்று ஆடினாள். மறுநாள் அவளுக்குப் பயம் வந்தது. கடலை உருண்டை கேட்டாள்; முழுதாகக் கிடைத்தது. போர்வை கேட்டாள், அக்கா குளிரில் நடுங்கிக்கொண்டே கொடுத்தாள். அடுத்த வீட்டுக்காரி ஒரு மரக்கால் நெல்லைக் கொண்டுவந்து குத்தித் தரச் சொன்னாள். சரி. எதிர்வீட்டுக்காரி மாட்டுக் கொட்டிலைக் கூட்டச் சொன்னாள். சரி. "என்னக்கா ஆச்சு உனக்கு?" என்று கேட்டால் மட்டும் மரகதம் தரையைப் பார்ப்பாள். அவள் கூடச் சண்டை போடாத அந்த இரண்டு வருஷமும் சிலம்பாயிக்குப் பாழடைந்த வருஷங்கள்.

ஒரு நாள் உத்தண்டன் தாம்பூலத் தட்டோடு உப்புக்காரர் வீட்டுக்கு வந்தான்.

"உங்க மூத்த பெண்ணை எனக்குக் கட்டிக் குடுக்கறீங்களா?"

அப்பா "சரி" என்றார். அம்மா "சரி" என்றாள். மரகதமும் "சரி" என்றாள். மூன்று பேர் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. நாலாம் நாள் காலை சபை மண்டபத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

"இந்தக் கல்யாணம் நடக்க நான் விட மாட்டேன்" என்றாள் சிலம்பாயி.

உத்தண்டன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "நீ விடாட்டி யாருக்கென்ன? சபையில வாயத் திறக்க உனக்கு உரிமை இருக்கா? காட்டு வாசலை மிதிச்சிருக்கியா நீ?"

சிலம்பாயிக்கு அந்த மாதம்தான் பதினெட்டு முடிந்திருந்தது. மறுநாள் விடிந்ததும் இடுப்பில் அரிவாளையும் கொஞ்சம் சில்லறையையும் சொருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தூண்டிலைத் தொட்டுப் பார்த்ததுகூடக் கிடையாது. எதிரியின் கடையாக இருந்தாலும் அந்த ஊரில் வேறு கடை இல்லை. எனவே அங்கேதான் போய் நின்றாள்.

கடைக்குள் தங்கத் தூண்டில், வெள்ளித் தூண்டில், பித்தளைத் தூண்டில் என்று வரிசையாகச் சாத்தி வைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு முள் தொங்கியது. பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

"எது சல்லிசோ அதைக் குடுங்க. பித்தளையே போதும்" என்று சில்லறையை எடுத்தாள்.

"பலகையைப் பார்க்கலியா? காசை உள்ள வை" என்றான் உத்தண்டன். "எனக்கு ஒரே ஒரு சொல் போதும். 'மாட்டேன்'னு சொல்லுவ பார், அந்தச் சொல்லு. அது எதுக்கு உனக்கு? வீட்டுல திட்டு வாங்கத்தானே? அதைக் குடுத்துட்டுத் தூண்டிலை எடுத்துக்கோ."

சிலம்பாயிக்கு உச்சந்தலையில் அடித்தாற்போல் இருந்தது.

"எங்க அக்காகிட்டயும் இதைத்தான் கேட்டியா?" அதுவரை இருந்த மரியாதை அந்த இடத்தோடு போயிற்று.

"கேட்டேன், குடுத்தா. யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். அதுக்கும் சரின்னுட்டா" என்று அவன் சிரித்தான். "சரி, நீ குடுக்கிறியா?"

"மாட்டேன்."

அந்தக் கடை கட்டிய நாளிலிருந்து அதற்குள் யாரும் சொல்லாத பதில் அது. தூண்டில்கள் எல்லாம் கடகடவென்று ஆடின. உத்தண்டனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப வெறுங்கையோட போ. நாளைக்கே பசி தாங்காம என் வாசல்ல வந்து நிப்ப."

"நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிலம்பாயி காட்டுக்குள் நுழைந்தாள்.

உள்ளே நடந்தாள், நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். குளம் வந்தது. ஒரு மூங்கில் கழியை வெட்டினாள். முந்தானையைக் கிழித்து, நூலை உருவி முறுக்கிக் கயிறாக்கினாள். கீழே கிடந்த மயிலிறகின் தண்டை நறுக்கி மிதக்கும் தக்கையாகக் கட்டினாள். அரிவாள் பிடியிலிருந்த ஆணியைப் பிடுங்கி, கடையில் பார்த்த முள்ளைப் போலவே பெரிதாக வளைத்தாள். பெரிய முள்ளுக்குப் பெரிய மீன் என்று அவள் கணக்கு. மண்ணைக் கிளறிப் புழு கோத்து வீசினாள். பொழுது சாய்கிறவரை எதுவும் தொடவில்லை.

பாறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நீர்நாய் ஒன்று ஈர மீசையோடு உட்கார்ந்திருந்தது.

"ஆணியைப் போட்டிருக்கியே, இந்தக் குளத்துல என்ன யானையா மேயுது?" என்றது. "இங்க இருக்கிறதெல்லாம் விரல் நீளக் கெண்டை. அது வாய்க்குள்ள இது எப்படிப் போகும்?"

சிலம்பாயி அன்று குளத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு மரக்கவட்டில் படுத்தாள்.

மறுநாள் காதில் கிடந்த செம்பு வளையத்தைக் கழற்றினாள். அதை விரித்து, நுனியைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துச் சின்ன முள்ளாக்கினாள். இந்த முறை தக்கை ஆடியது. உடனே இழுத்தாள், ஒன்றும் இல்லை. ஆடியது, இழுத்தாள், ஒன்றும் இல்லை. காற்றடித்தாலும் ஆடியது, அதற்கும் இழுத்தாள். நீர்நாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"மீன் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீ இழுத்துட்டா அது எதைக் கடிக்கும்? உன் நூலும் காத்துல பறக்குது. அடியில கனம் வேணாமா?"

மாலையில் மரங்களுக்கு நடுவிலிருந்து வறுத்த மீன் வாசனை வந்தது. கூடவே உத்தண்டனின் குரலும் வந்தது. "ஒரு சொல்தானே சிலம்பாயி. சொல்லைத் தின்னா பசியாறுமா? குடுத்துட்டு வந்து சாப்பிடு."

அவளுக்கு இரண்டு நாள் பசி. அந்த வாசனைக்கு அழுகையே வந்தது. ஆனாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாட்டேன்" என்றாள். வாசனை நின்றுபோயிற்று.

மூன்றாம் நாள் காலை கனத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தாள். கல்லைக் கட்டினால் வழுக்கிக்கொண்டு போனது. கழுத்தைத் தடவினாள். அக்காவின் பாசிமணி. நடுவில் ஓட்டையுள்ள கனமான நீல மணி. ஒன்றைக் கழற்றி நூலில் கோத்தாள். தூண்டிலைப் போட்டதும் நூல் நேராக இறங்கியது, தக்கை நிமிர்ந்து நின்றது. தக்கை ஒரு முறை ஆடியது. சிலம்பாயி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். இன்னொரு முறை ஆடியது, அதற்கும் பொறுத்தாள். மூன்றாம் முறை அடியோடு முங்கியது. இழுத்தாள்.

விரல் நீளக் கெண்டை ஒன்று வெள்ளியாகத் துள்ளி வந்தது. கரைக்கு வந்ததும் வாயைத் திறந்து, "மாட்டேன், கூலி இல்லாம வேலை செய்ய மாட்டேன்" என்று கத்தியது. அது அவள் தெருக் கொல்லர் மாடக்கண்ணுவின் குரல். குரல் மீனை விட்டுக் கிளம்பி, இலைகளை விலக்கிக்கொண்டு ஊர்ப் பக்கமாகப் போனது. மீன் வெறும் மீனாகக் கிடந்தது.

"இதனாலதான் நான் இந்தக் குளத்து மீனைத் தொடுறதில்ல" என்றது நீர்நாய். "போன மழைக்கு ஒண்ணைத் தின்னேன். ராத்திரி பூரா வயித்துக்குள்ள மாட்டேன் மாட்டேன்னு ஒரே ரகளை. ஏப்பம் விட்டப்புறந்தான் தூங்கினேன்."

சிலம்பாயிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊரிடம் பிடுங்கிய சொற்களை அந்தப் பாவி இந்தச் சின்ன மீன்களுக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். அவை யாரிடமும் சிக்காமல் இருக்கத்தான் கடை முழுக்கப் பெரிய முள். அந்தத் தூண்டில்களில் சிக்கியதெல்லாம் அவன் மந்திரத்தால் அனுப்பிய மீன்கள்தான்.

அதன்பிறகு அவள் கை ஓயவில்லை. அப்பாவின் குரல் வந்தது. அம்மாவின் குரல் வந்தது. 'மாட்டோம்' என்று கனத்த குரல் ஒன்று வந்தது, அது ராஜாவுடையது. குரல் போன மீனை நீர்நாய் ஒன்று தின்றது, அவள் ஒன்று சுட்டுத் தின்றாள். ஊர் முழுவதன் குரலும் வந்தது. அக்காவின் குரல் மட்டும் வரவில்லை.

பொழுது சாய்ந்து, வெயில் மரத்து உச்சிக்கு ஏறிவிட்டது. கடைசிப் புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுச் சிலம்பாயி குளத்தைப் பார்த்துச் சொன்னாள். "அக்கா, நீ எனக்கு ஒண்ணுமே குடுக்க வேண்டாம். கடலை உருண்டை வேண்டாம், போர்வை வேண்டாம், பாசிமணி வேண்டாம். எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ. வந்துடுக்கா."

தக்கை முங்கியது. வந்த மீன் மிகச் சின்னது. நீல மணியைப் பார்த்துவிட்டு, "மாட்டேன் போடி" என்றது.

இரண்டு வருஷமாகக் கேட்காத குரல். சிலம்பாயி கரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

நாலாம் நாள் காலை சபை மண்டபத்தில் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. சேறும் மீன் நாற்றமுமாக வந்த சிலம்பாயியைக் காவலர்கள் மறித்தார்கள். "மூணு நாள் முடிச்சு வர்றேன், நகருங்க" என்றாள். நகர்ந்தார்கள்.

உள்ளே புரோகிதர் மணப்பெண்ணிடம், "இவரைக் கட்டிக்கச் சம்மதமாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போன சொல் திரும்பி வந்தது அங்கே ஒருவருக்கும் தெரியாது. பல காலம் சொல்லாமலே இருந்தவர்கள் சொல்லிப் பார்க்கவா போகிறார்கள்? மரகதமும் பழக்க தோஷத்தில் "ச" என்று வாயெடுத்தாள்.

"அக்கா" என்று கூப்பிட்டாள் சிலம்பாயி. "இந்தப் பாசிமணியை நானே வச்சுக்கட்டுமா?"

"மாட்டேன் போடி. கழட்டுடி அதை" என்றாள் மரகதம்.

சொன்னவளே திடுக்கிட்டுப்போனாள். உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மாலையைக் கழற்றி உத்தண்டன் காலடியில் போட்டாள். "உன்னைக் கட்டிக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

உத்தண்டன் ஒரு சாண் குறைந்தான். "ராஜா, இவளைப் பிடிச்சுக் கட்டச் சொல்லுங்க" என்று கத்தினான். ராஜாவும் 'ச'வில் தொடங்கி நின்றார். வாய்க்குள் எதையோ ருசி பார்த்தார். "மாட்டோம்" என்றார். உத்தண்டன் முழங்கால் உயரம் ஆனான். "மேளக்காரரே, நீராவது வாசியும்" என்று கீச்சிட்டான். "மாட்டேன்" என்று மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்தார். அப்பா, அம்மா, கொல்லர், காவலர்கள் என்று மண்டபம் முழுக்க ஆளாளுக்குச் சொன்னார்கள். ஊராரின் சம்மதத்தைத் தின்று வளர்ந்த உடம்பல்லவா? சுருங்கிச் சுருங்கி ஒரு விரல் நீளக் கெண்டையாகித் தரையில் துள்ளியது.

சிலம்பாயி அதை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் குளத்தில் போட்டாள். "தின்னுறியா?" என்று நீர்நாயைக் கேட்டாள். "மாட்டேன், அந்தக் கண்றாவியை" என்றது அது.

என்ன வேண்டுமோ கேள் என்றார் ராஜா. கடையை இடித்துவிட்டு அந்த இடத்தில் மூங்கில் வைக்கச் சொன்னாள். இன்றைக்கும் புதிதாகக் காட்டுக்குப் போகிறவர்கள் அங்கேதான் கழி வெட்டிக்கொள்கிறார்கள்.

அன்று மாலை மரகதம் பாசிமணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு விரலால் தடவினாள். "ஒரு மணி குறையுதே, எங்கடி போட்ட?" என்று பிடித்துக்கொண்டாள். சிலம்பாயி அவள் கையிலிருந்த கடலை உருண்டையைப் பார்த்தாள்.

"பாதி குடுக்கா."

"மாட்டேன் போடி."

சிலம்பாயி அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். மரகதம் துடைப்பத்தோடு துரத்தினாள். வீடு ரெண்டுபட்டது. அவர்களும் நன்றாக இருந்தார்கள். கதை கேட்ட நீங்களும் வேண்டாததை வேண்டாமென்று சொல்லி நன்றாக இருங்கள்.