கொடியெழுத்தில் ஒரு தண்டனை

மருதங்கோட்டை மன்னர் வீரகேதுவுக்கு எதிலும் அழகு வேண்டும். அவர் பல் குத்துகிற குச்சியில்கூட அன்னப்பறவை செதுக்கியிருக்கும். அப்படிப்பட்டவரிடம் சித்திரலிங்கம் என்கிற எழுத்துக்காரர் வந்து சேர்ந்தார். அவர் எழுதினால் 'க'வுக்கு மயில் கழுத்து முளைக்கும். 'ல'விலிருந்து கொடி கிளம்பி, அடுத்த வரியையும் தாண்டிப் போய்ப் பூப் பூக்கும். மன்னர் சொக்கிப் போனார். இனி அரசாங்க உத்தரவெல்லாம் பட்டுத்துணியில், இந்தக் கொடியெழுத்தில்தான் என்று சொல்லிவிட்டார்.

சபையே ஆகா ஓகோ என்றது. வாசிக்க முடியவில்லை என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. உத்தரவுகளைச் சபையில் வாசிப்பது நம்பிராயரின் வேலை. முத்திரை வைத்து, அவர் வாசித்தும் முடித்துவிட்டால், பிறகு மன்னரே நினைத்தாலும் மாற்றக் கூடாது என்பது அந்த அரண்மனை வழக்கம். நம்பிராயருக்கும் கொடியெழுத்து புரியத்தான் இல்லை. மன்னர் வாயால் சொல்வதை மனப்பாடம் செய்து, துணியைப் பார்த்து வாசிப்பதுபோல ஒப்பித்துக்கொண்டிருந்தார். வேலை போய்விடுமே என்ற பயம்.

கோடையில் ஏரியூருக்கு ஒரு உத்தரவு போனது. அரண்மனைத் தோட்டத்துக்குத் தண்ணீர் வர உடனே மதகைத் திறக்கவும் என்று. ஊர்த் தலைவர் வெயிலுகந்தான் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஏதோ சாமி படம் என்று முடிவு கட்டி, கோயிலில் மாட்டி, மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார். மதகு திறக்கவில்லை. மன்னரின் முல்லைப் பந்தல் கருகிப் போயிற்று.

வெயிலுகந்தானைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"என் உத்தரவை மதிக்கவில்லையா நீ?" என்றார் மன்னர்.

"மதிக்காம இருப்பனா சாமி? தினமும் பூசை நடக்குதே."

யாரோ சிரித்துத் தொலைத்தார்கள். மன்னரின் முகம் சிவந்தது. "ஆயுள் முழுக்க இவனைச் சிறையில் போடு. அந்த உத்தரவையும் கொடியெழுத்திலேயே எழுது."

வெயிலுகந்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நம்பிராயர் அவரைப் பார்த்தார். பாவம், அந்த மனிதர் செய்த குற்றம் என்ன? வாசிக்கத் தெரிந்ததுபோல நடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சித்திரலிங்கம் எழுதினார். மன்னர் ரசித்து ரசித்துப் பார்த்து முத்திரை வைத்தார். நம்பிராயர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தலை தப்புமா என்று தெரியாது. ஆனாலும் கணீரென்று வாசித்தார்:

"ஏரியூர் வெயிலுகந்தானை மரியாதையோடு வீட்டுக்கு அனுப்பவும். அவர் ஊருக்கு இந்த வருஷம் வரி கிடையாது."

மன்னர் குதித்தெழுந்தார். "நான் அப்படியா சொன்னேன்?"

"எழுதியிருப்பதை வாசிப்பதுதானே என் வேலை, அரசே? தப்பாக வாசித்திருந்தால், எந்த இடத்தில் என்று தாங்களே காட்டலாம்."

மன்னர் துணியை நேராகப் பிடித்தார். தலைகீழாகப் பிடித்தார். மயில் தெரிந்தது, கொடி தெரிந்தது, ஒரு எழுத்தும் தெரியவில்லை. சித்திரலிங்கத்திடம் நீட்டினார். "நீ வாசி."

சித்திரலிங்கம் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "மை காய்கிற வரைக்கும் ஞாபகம் இருந்தது, அரசே."

மன்னர் அவரை முறைத்தார். பிறகு அடக்க முடியாமல் தொடையைத் தட்டிச் சிரித்தார். வெயிலுகந்தான் வீட்டுக்குப் போனார். மன்னரின் முத்துமாலை நம்பிராயர் கழுத்துக்கு வந்தது.

"அது சரி, இந்தச் சித்திரலிங்கத்தை என்ன செய்வது?" என்றார் மன்னர். "கை அழகான கை ஆயிற்றே."

"கல்யாணப் பத்திரிகை எழுதட்டும், அரசே," என்றார் நம்பிராயர். "அதை எவன் வாசிக்கிறான்? சாப்பாடு எத்தனை மணிக்கு என்று வாயால்தான் கேட்கப் போகிறார்கள்."