ஜோடி சேராத இலைகள்

ஒரு காட்டில், இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு பள்ளமான நிலம் இருந்தது. வெயில் காலத்தில் அங்கே புல்லுக்கும் கிழங்குக்கும் குறைவே இல்லை. மழைக்காலம் வந்தால் இரண்டு ஆறும் கரையை உடைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும். பள்ளம் முழுக்க மூழ்கிப் போகும். இது தெரிந்தும் விலங்குகள் ஏன் அங்கேயே குடியிருந்தன என்று கேட்கிறீர்களா, குழந்தைகளே? கிழங்கு ருசியாக இருந்தது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

காலில் பலமுள்ளவை தாமாகவே மேட்டுக்குப் போய்விடும். கண் திறக்காத குட்டிகளை வைத்துக்கொண்டு இருக்கும் தாய்களின் பாடுதான் திண்டாட்டம். அவற்றுக்காக ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் ஒரு யானைக்கூட்டம் வரும். வளை வளையாகப் போய்க் குட்டிகளையும் தாய்களையும் முதுகில் ஏற்றி, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மேட்டில் இறக்கிவிடும்.

ஆனால் அத்தனை புதர்களில் எந்தப் புதருக்குள் குட்டி இருக்கிறது என்று யானைக்கு எப்படித் தெரியும்? அதற்கென்று அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது.

புதிதாகக் குடித்தனம் வைக்கும் ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஓர் இலையை வைத்துக்கொள்ளும். ஒரு குடும்பத்தின் இலையை இன்னொன்று எடுக்காது. குட்டி பிறந்ததும் குளத்து ஆமையிடம் போய்த் தங்கள் இலையைச் சொல்லிவிட வேண்டும். குட்டி பிறந்தாலும் பிறக்காவிட்டாலும், வளைக்கு மேலே நிற்கும் மரத்தின் பொந்தில் அந்த இலையை எப்போதும் செருகி வைத்திருக்க வேண்டும். மரங்களை எல்லாம் சுற்றி வரும் மரங்கொத்தி அதைப் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஆக, எந்த இலைக்காரருக்குக் குட்டி பிறந்திருக்கிறது என்பது ஆமைக்குத் தெரியும். எந்த இலை எந்த மரத்தில் இருக்கிறது என்பது மரங்கொத்திக்குத் தெரியும். ஆமை குளத்தை விட்டு வராது. மரங்கொத்தி தரைக்கு இறங்காது. இரண்டிடமும் போய்க் கேட்டு, இலையோடு இலையைச் சேர்த்து, யானையிடம் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர் வேண்டும்.

அந்த வேலையை முந்தின வருஷம் வரை காட்டுப்பன்றி செய்துவந்தது. மோந்து மோந்து, முனகி முனகி, அது அந்த வேலையை இழு இழு என்று இழுக்கும். யானைகள் நின்று நின்று கால் மாற்றும். எல்லோருக்கும் எரிச்சல். அதனால் அந்த வருஷம் வேலையைக் கீரிக்குக் கொடுத்தார்கள்.

கீரியின் பெயர் துடியன். அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அவசரம். தண்ணீர் குடிக்கும்போதே அடுத்த குளத்தைப் பார்க்கும். பேசுகிறவர் வாயை மூடுவதற்குள் அது எழுந்து நிற்கும். தன்னைப்போல் சுருக்காக வேலை முடிக்க இந்தக் காட்டில் யாரும் இல்லை என்று அதற்கு நினைப்பு. மற்றவர்களும் அதைச் சொல்லிச் சொல்லியே தலையில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

நல்ல வெயிலடித்த ஒரு காலையில் கீரி குளத்துக்கு ஓடியது.

"ஆமை மாமா, சீக்கிரம் சொல்லுங்க. யார் யாருக்குக் குட்டி பிறந்திருக்கு?"

ஆமை கழுத்தை நீட்டியது. "உட்காருப்பா. சொல்றேன். நொச்சி இலை. அது குழிமுயலோட இலை. போன வருஷம்தான் அதோட புருஷன்..."

"இலை போதும் மாமா. கதை வேணாம்."

"யாருன்னு தெரிய வேண்டாமா?"

"எனக்கு எதுக்கு? யானைக்கு எதுக்கு? நொச்சி. சரி. அடுத்து?"

ஆமை ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு இலையின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டே போனது. ஆவாரை, நாவல், ஆடாதொடை, துத்தி, புங்கை, இன்னும் எத்தனையோ. ஒவ்வொன்றிலும் ஓர் இலையைக் கீரி கரையில் இருந்த செடி கொடியிலும் தாழ்ந்த மரக்கிளையிலும் பறித்துச் சேர்த்தது. கடைசி இலையைப் பறித்த கையோடு அது கிளம்பிவிட்டது.

"அட, நில்லுப்பா!" என்று ஆமை கூப்பிட்டது. "சில இலைக்கு மரம் கிடைக்காது. அப்படி இருந்தா பன்றி..."

கீரி அதற்குள் பாதித் தூரம் போயிருந்தது.

மரங்கொத்தி வேலையை முடித்து வைத்திருந்தது. தான் பார்த்த ஒவ்வோர் இலையையும், அது இருந்த மரத்தின் பட்டைத் துண்டு ஒன்றில் செருகி வைத்திருந்தது. அந்தப் பட்டையை மோந்து பார்த்தால் போதும், யானை நேராக அந்த மரத்தடிக்குப் போய்விடும்.

"அக்கா, எல்லாம் இருக்கா?" என்று கீரி கேட்டது.

"நான் பார்த்தது எல்லாம் இருக்கு. ஆனா அடிச்ச காத்துல நிறைய மரம் விழுந்துடுச்சு. அந்த மரத்தடியில இருந்தவங்க வேற இடம் போயிட்டாங்க. எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியலை. அவங்க இலை இதுல இருக்காது."

"சரி சரி."

"சரின்னா? தேடணும் இல்லையா?"

"பார்த்துக்கிறேன் அக்கா, பார்த்துக்கிறேன்" என்றது கீரி. பட்டைகளை வாரிக்கொண்டு ஓடியது.

பள்ளத்தின் நடுவே ஒரு தட்டைப் பாறை உண்டு. கீரி அதன் மேல் ஒரு பக்கம் ஆமை சொன்ன இலைகளைப் பரப்பியது. எதிர்ப்பக்கம் மரங்கொத்தியின் பட்டைகளைப் பரப்பியது. நொச்சியை எடுத்து, நொச்சி செருகிய பட்டையின் மேல் வைத்தது. நாவலை நாவலோடு வைத்தது. கை சுறுசுறுவென்று ஓடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முடிவில் இரண்டு பக்கமும் கொஞ்சம் மிச்சம் நின்றது.

மரங்கொத்தியின் பக்கத்தில் மிஞ்சியவை வெறும் வளைகள். அங்கே இந்த வருஷம் குட்டி இல்லை. யானை அங்கே போக வேண்டியதும் இல்லை. அவற்றைக் கீரி பாறையிலிருந்து தள்ளிவிட்டது. அது சரிதான்.

ஆமையின் பக்கத்தில் மிஞ்சியவை பட்டை இல்லாத இலைகள். கீரியின் கை அங்கே ஒரு கணம் நின்றது. இவற்றுக்கு மரம் தேட வேண்டுமென்றால் புதர் புதராகப் போக வேண்டும். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பொழுது சாய்ந்துவிடும். பன்றியும் இப்படித்தானே இழுத்தடித்தது, நாமும் அதே பெயர் எடுக்க வேண்டுமா என்று அது யோசித்தது.

"அந்தப் பக்கம் ஜோடி இல்லாததைத் தள்ளினோம். இந்தப் பக்கமும் ஜோடி இல்லாததைத் தள்ள வேண்டியதுதான். இரண்டு பக்கமும் ஒரே நியாயம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. எவ்வளவு நேர்த்தியான நியாயம் பாருங்கள்! வாலால் ஒரே வீச்சு. இலைகள் பாறைக்குக் கீழே விழுந்தன. என்னென்ன இலை என்றுகூட அது பார்க்கவில்லை.

உச்சிவேளைக்குள் கீரி யானைகளின் முன்னால் நின்றது. கூட்டத்தின் தலைவியான கிழ யானை ஒவ்வொரு ஜோடியாக எடுத்து மோந்து பார்த்தது.

"அடேயப்பா, அதுக்குள்ள முடிச்சுட்டியா!" என்றது. "ஒன்னும் விட்டுப்போகலையே?"

"ஒன்னும் இல்ல, பெரியம்மா. எல்லாம் ஜோடி ஜோடியா இருக்கு, நீங்களே பாருங்க."

"சந்தேகம் இருந்தா சொல்லு. வெயில் இருக்கு, பொழுது இருக்கு. நாங்களும் சேர்ந்து தேடுவோம்."

"சந்தேகமே இல்ல, பெரியம்மா."

யானை துதிக்கையால் கீரியின் முதுகைத் தட்டிக்கொடுத்தது. கீரி ஒரு நிழலில் போய்ப் படுத்து, அன்று பிற்பகல் முழுவதும் நிம்மதியாகத் தூங்கியது.

மறுநாள் விடியும்போதே மேற்கே இடித்தது. யானைகள் புறப்பட்டன. பட்டையை மோந்து, மரத்தைக் கண்டுபிடித்து, குழிமுயலையும் மரநாயையும் புனுகுப்பூனையையும் குட்டிகளோடு தூக்கிவந்து மேட்டில் இறக்கின. கீரியும் கடைசி யானையின் முதுகில் ஏறி அக்கரை சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் ஆறு கரையை உடைத்தது. குளம் எது, ஆறு எது என்று தெரியவில்லை. ஆமை நீந்திவந்து மேட்டோரம் கரையேறியது. ஈரமான சிறகோடு மரங்கொத்தியும் வந்து சேர்ந்தது.

கீரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தது. பார்த்தவர்கள் எல்லாம் "நல்லா இருப்பே" என்றார்கள். நடந்துகொண்டே அது தன் தங்கையைத் தேடியது.

தங்கையின் பெயர் சாம்பி. போன கோடையில் கல்யாணமாகிப் போனது. போகும்போது, "குட்டி பிறந்தா பார்க்க வரணும், அண்ணா" என்றது. "வராம இருப்பேனா?" என்று துடியன் சொன்னது. பிறகு ஏதேதோ அவசரம். போகவே இல்லை. தங்கை எந்த இலையை எடுத்துக்கொண்டது என்றுகூட அதற்குத் தெரியாது.

"ஆமை மாமா, எங்க சாம்பிக்கு இன்னும் குட்டி பிறக்கலையா? இங்க காணோமே."

ஆமை அதை உற்றுப் பார்த்தது. "பிறந்துச்சே. முந்தாநாள் தண்ணி குடிக்க வந்தப்ப சொல்லிட்டுப் போச்சு. அதோட இலையை நேத்து உன்கிட்ட சொன்னேனே. துத்தி."

கீரிக்குத் துத்தியைப் பறித்தது நினைவுக்கு வந்தது. பாறையில் அதை எதனோடும் சேர்த்ததாக நினைவு இல்லை.

"பெரியம்மா!" என்று அலறிக்கொண்டு அது கிழ யானையிடம் ஓடியது. "என் தங்கச்சி அங்க இருக்கு! குட்டியோட இருக்கு! போங்க பெரியம்மா, சீக்கிரம் போங்க!"

யானை உடனே தண்ணீரில் இறங்கியது. மார்பு வரை வெள்ளம் ஏறியது. "எந்த மரம்? சொல்லு, போறேன்."

கீரி மரங்கொத்தியைப் பார்த்தது. மரங்கொத்தி தலையைக் குனிந்துகொண்டது. "அது இருந்த மரம் காத்துல விழுந்துடுச்சு. புது இடம் எனக்குத் தெரியாது. அதைத்தானே நேத்து சொன்னேன்."

"எந்தப் பக்கம்னாவது சொல்லுங்க அக்கா!"

"தெரியாதுப்பா."

ஆமைக்கும் தெரியவில்லை. கீரிக்கும் தெரியவில்லை. யானை வெள்ளத்துக்குள் நின்று துதிக்கையை நாலாபக்கமும் திருப்பிப் பார்த்தது. மழை எல்லா வாசனையையும் கரைத்துவிட்டிருந்தது. அது ஒருமுறை பிளிறியது. பதில் வரவில்லை. தண்ணீர் தோளுக்கு ஏறியதும் மெல்லப் பின்வாங்கிக் கரையேறியது.

"நேத்துக் கேட்டேனே, மகனே" என்று மட்டும் சொன்னது.

கீரி கரையோரமாக மேலும் கீழும் ஓடியது. "சாம்பி! சாம்பி!" என்று தொண்டை கட்டும் வரை கத்தியது. அவ்வளவு வேகமாக அது தன் வாழ்நாளில் ஓடியதே இல்லை. அந்த வேகத்தால் இப்போது யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

வெள்ளம் வடிய வெகுநாள் ஆனது. வடிந்ததும் கீரிதான் முதலில் இறங்கியது. சேற்றில் புதைந்து புதைந்து நடந்தது. புதர் புதராகத் தேடியது. தட்டைப் பாறைக்குப் பின்னாலேயே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஒரு காரைப் புதர் இருந்தது. அதன் அடியில் புது வளை ஒன்று. சாம்பி குட்டிகளைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு கிடந்தது. எதற்கும் உயிர் இல்லை.

கீரி வாய்விட்டு அழுதது. அதைத் தேற்ற யாரும் வரவில்லை. திட்டவும் யாரும் வரவில்லை.

அப்போது அந்தப் பக்கமாக ஒரு முள்ளம்பன்றி வந்தது. இரை தேடி அக்கரைக்குப் போயிருந்தபோது வெள்ளம் வந்துவிட்டதால் உயிர் தப்பியது அது. அதன் பெண்டாட்டியும் குட்டிகளும் மேட்டுக்கு வந்து சேரவில்லை. அது கீரியின் பக்கத்தில் வந்து நின்றது.

"தம்பி, எங்க இலை வேலிப்பருத்தி" என்றது. "அன்னிக்கு உன் கையில அது இருந்துச்சா? என் பெண்டாட்டி ஆமைகிட்ட சொல்லியிருந்துச்சா, இல்ல சொல்ல மறந்துடுச்சா? ஆமையைக் கேட்கலாம்னா, அது மேட்டுலேர்ந்து இறங்கி எங்கேயோ போயிடுச்சு. அது மட்டும் தெரிஞ்சா போதும்."

கீரி கண்ணை மூடி யோசித்தது. தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு யோசித்தது. வால் வீசியது ஞாபகம் இருந்தது. விழுந்த இலைகளில் வேலிப்பருத்தி இருந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியவில்லை.

"நான் பார்க்கலை அண்ணே" என்றது.

முள்ளம்பன்றி அடுத்த புதரைத் தேடிப் போனது.

நீதி: ஜோடி சேரவில்லை என்பதற்காக ஒன்றை இல்லை என்று தள்ளிவிடாதே, விட்டுப்போனதைத்தான் முதலில் தேட வேண்டும்.